போஸ்ட்கிரெஸில் சொந்த டைப், சொந்த ஆபரேட்டர்: முன்னுரிமை பெயரோடு வருகிறது

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சொந்த டேட்டா டைப்புக்கு ஆபரேட்டர் (`+`, `*` போன்ற செயற்குறி) எழுதி நெடுநாள் புழங்குகிறவர்களை அதிகம் படுத்துவது ஃபங்ஷன் அல்ல, பெயர். கிரியேட் ஆபரேட்டர் கட்டளையில் இடது வலது டைப், ஃபங்ஷன், கம்யூட்டேட்டர் (இடம் வலம் மாற்றினால் அதே விடை தரும் இணை), நெகேட்டர் (எதிர் விடை தரும் இணை) எல்லாம் கொடுக்கலாம். முன்னுரிமை, அதாவது எந்தக் குறி முதலில் கணக்கிடப்படும் என்ற வரிசை, கொடுக்க மட்டும் இடமில்லை. பார்சர் (வினவலைப் படித்துப் பிரிக்கும் பகுதி) முதலில் குறியை வைத்து வாக்கியத்தைப் பிரித்துவிடுகிறது, டைப்பைப் பிறகுதான் பார்க்கிறது. அதனால் `*` என்று பெயர் வைத்தால் பெருக்கலின் இடம் தானாகக் கிடைக்கும். புதுக் குறி எதுவானாலும் ஒரே பொதுப் படிதான்: `+`, `-` இரண்டுக்கும் கீழே, `=`, `<` போன்றவற்றுக்கு மேலே, இடமிருந்து வலம்.

கலப்பெண் டைப் ஒன்றுக்குக் கூட்டலை `<+>` என்றும் பெருக்கலை `<*>` என்றும் வைத்ததாகக் கொள்வோம். `அ <+> ஆ <*> இ` என்று எழுதினால் கூட்டல்தான் முதலில் நடக்கும். மதிப்புகள் 2, 3, 4 என்றால் வரவேண்டியது 14, வருவது 20. டைப் பொருந்துவதால் பிழைச்செய்தியே வராது, அதுதான் ஆபத்து. பொருள் கூட்டல், பெருக்கல் என்றால் `+`, `*` என்றே வையுங்கள்.

பிழை காட்டி நிற்பவை பரவாயில்லை. `தரவு ->> 'வயது' + 1` என்பதில் (முதல் குறி ஜேசன் தரவிலிருந்து ஒரு மதிப்பை எடுப்பது) `+` முந்திக்கொண்டு 'வயது' என்ற சொல்லை எண்ணாக்கப் பார்த்து விழும். பிஜிவெக்டரில் (வெக்டர் தேடலுக்கான போஸ்ட்கிரெஸ் நீட்சி) `1 - அ <=> ஆ` எழுதினாலும் அதே கதை; `1 - (அ <=> ஆ)` என்று அடைக்க வேண்டும்.

ஸ்கீமா (டேபிள், ஆபரேட்டர் போன்றவற்றைத் தொகுத்து வைக்கும் பெயர்வெளி) பெயரோடு `ஆபரேட்டர்(ஸ்கீமா.*)` என அழைத்தால் `*` கூடப் பொதுப் படிக்கு இறங்கிவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. இடைவெளியும் முக்கியம்: `அ@-ஆ` என்பதை `@-` என்ற ஒரே ஆபரேட்டராகவே படிக்கும்.

சந்தேகம் வந்தால் அந்தக் கோவையைத் தற்காலிக வியூவில் (பெயர் கொடுத்து வைத்த வினவல்) போட்டு `பிஜி_கெட்_வியூடெஃப்` மூலம் பாருங்கள். பார்சர் பிரித்த விதம் முழு அடைப்புக்குறிகளோடு வரும். நமக்கு மிக நம்பகமான சோதனை இதுதான்.

9.4 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் எழுதிய வினவல்கள் இன்னும் ஓடினால் தனியாகச் சரிபார்க்க வேண்டும். `<=`, `>=`, `<>` மூன்றும் அப்போது பொதுப் படியில் இருந்தன; 9.5-இல்தான் `=` இருக்கும் படிக்கு வந்தன. `அ >= ஆ || இ` (`||` உரைகளை ஒட்டும் குறி) அன்று `(அ >= ஆ) || இ`, இன்று `அ >= (ஆ || இ)`. மாற்றத்தை எச்சரிக்கும் அமைப்பு 13 வரை இருந்தது, 14-இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே 13-இல் ஒருமுறை எச்சரிக்கையோடு ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.