கண்டிக்கு வெளியே வீடு: கம்பளையா, மாத்தளையா, திகன பக்கமா?

நானும் கணவரும் கண்டி நகரில் வேலை செய்கிறோம். நகர எல்லைக்குள் ஒரு பேர்ச் (சுமார் 272 சதுர அடி) காணிக்குக் கேட்ட விலையில் வெளியே 3 பேர்ச் வாங்கலாம் என்று தெரிந்த நாளிலேயே கண்டிக்குள் வீடு என்ற பேச்சை விட்டுவிட்டோம். மாத்தளையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தோம். கம்பளையில் காணி தேடி ஒரு வருடம் அலைந்தோம். கடைசியில் 2023 இல் திகன பக்கத்தில் 12 பேர்ச் வாங்கி வீடு கட்டினோம். ஆகவே நடுநிலையாக எழுதுகிறேன் என்று சொல்லமாட்டேன். எடுத்த முடிவு சரி என்றே நம்புகிறேன். அதற்கான காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் கம்பளை. மனம் அங்கேதான் இருந்தது. அம்மாவின் ஊர் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம். லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) விட்டு வெளியேறிய எங்கள் உறவினர்களில் பாதிப் பேர் கம்பளையிலும் உலப்பனையிலும் குடியேறியவர்கள். கடைத்தெருவில் தமிழிலேயே எல்லாம் நடக்கும். புசல்லாவையில் சரஸ்வதி மத்திய கல்லூரி, நாவலப்பிட்டியில் கதிரேசன் மத்திய கல்லூரி என்று பிள்ளைகளின் படிப்புக்கும் வழி உண்டு. கண்டிக்கு வீதியால் சுமார் 20 கிலோமீற்றர். எல்லாவற்றுக்கும் மேலாக ரயில். பேராதனையிலிருந்து கண்டி வரை காலையில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது, நாவலப்பிட்டியிலிருந்து வந்த ரயிலில் இருந்தவர்கள் கண்டி நிலையத்தில் இறங்கி நடந்தே வைத்தியசாலைக்கும் கந்தோர்களுக்கும் போய்விடுவார்கள். “பாப்பா, ரயில் வாசலில் நிற்கிறது, வேறென்ன வேண்டும்?” என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

மாத்தளையைப் பற்றிக் குறை சொல்ல மனம் வராது. முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேர்கள் மாசி மகத்தில் வீதிக்கு வரும்போது அந்த ஊரில் குடியிருப்பவர்களுக்கு வருகிற பெருமை வேறெங்கும் கிடைக்காது. இந்து தேசியக் கல்லூரியும் பாக்கியம் தேசியக் கல்லூரியும் இருப்பதால் பிள்ளைகளைக் கண்டிக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. கண்டியை விடத் தாழ்ந்த ஊர், கொஞ்சம் சூடு அதிகம். முதுமையில் குளிர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்லதுதான். எங்களை விரட்டியது ஏ9 வீதி. பலகடுவ ஏற்றம், அக்குறணைக் கடைவீதி, பிறகு கட்டுகஸ்தோட்டைப் பாலம். 26 கிலோமீற்றர் என்று கேட்டால் தூரமாகத் தெரியாது. ஆனால் பிங்கா ஓயா பெருகி அக்குறணையில் வீதி மூழ்குகிற நாட்களில் பாதி வழியில் இறங்கி நிற்கவேண்டியிருந்தது. மாத்தளை ரயில் இருந்தது, ஆனால் எங்கள் வேலை நேரத்துக்கு அது ஒத்துவரவில்லை. மாத்தளையிலேயே வேலை உள்ளவர்கள் இந்த ஒப்பீட்டைப் படிக்கவே வேண்டாம், அங்கேயே இருங்கள்.

கடுகண்ணாவ, பிலிமத்தலாவைப் பக்கத்தை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்தோம். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் இருப்பதால் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. அங்கே குடியிருந்த அனுபவம் எனக்கு இல்லை, அதனால் அதற்கு மேல் சொல்வது நியாயமாகாது.

இனி அந்த ஒரு காரணம்: சரிவு.

கம்பளையில் காணி பார்க்கப் போன முதல் மாதத்திலேயே ஒன்று புரிந்தது. சமதரையான காணி பெரும்பாலும் மகாவலிக்கு அருகில் இருந்தது. அங்கே ஆறு பெருகினால் தண்ணீர் வரும். கொத்மலை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகளைத் திறக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்தாலே ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு இரவு தூக்கம் போய்விடும். தண்ணீருக்குப் பயந்து மேலே ஏறினால், எங்கள் பணத்துக்கு வரக்கூடிய காணிகள் எல்லாம் மலையை வெட்டி எடுத்த படிகளாக இருந்தன. ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே பாதுகாப்பான காணி இல்லாமலில்லை. பழைய குடும்பங்கள் அவற்றை விற்பதில்லை, அல்லது விற்கிற விலையில் எங்களால் வாங்க முடியவில்லை.

ஒரு காணியில் கிட்டத்தட்ட முற்பணம் கொடுத்தே விட்டோம். காணி உறுதிப்பத்திரம் சுத்தம், 20 பேர்ச், வீதி அகலம், ரயில் நிலையத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். பின்னால் புதிதாக வெட்டிய மண்சுவர், நிமிர்ந்து பார்க்கவேண்டிய உயரம். கணவர் ஒரு மேசனைக் கூட்டிப்போனார். அவர் வீடு எங்கே வரும் என்று கேட்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய் மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். பிறகு சொன்ன கணக்கு இது: 20 பேர்ச்சில் வீடு நிற்கக்கூடிய இடம் 8 பேர்ச்தான், அஸ்திவாரம் போடுமுன் தடுப்புச் சுவருக்கே வீட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதோடு முடியாது. சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் அடைபடாமல் பார்க்கவேண்டும். மேலே வெட்டிய வடிகானை ஒவ்வொரு மழைக்கு முன்பும் துப்புரவு செய்யவேண்டும். மேல் காணிக்காரர் தன் கூரைத் தண்ணீரை எங்கே விடுகிறார் என்று காலம் முழுவதும் கவனிக்கவேண்டும். வீட்டைக் கட்டி முடித்த பிறகும் சுவருக்கு வேலை செய்துகொண்டே இருக்கவேண்டும்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாங்கள் செய்தியாகப் படிக்கவில்லை, வீட்டுத் துக்கமாகத்தான் பார்த்தோம். 2016 மே மாதம் அரநாயக்கவில் ஒரு மலைச்சரிவே ஊரின்மேல் இறங்கியது. பாறைக்கு மேல் தளர்ந்து கிடக்கும் மண்ணில் மழைநீர் இறங்கி, மண் கனத்து, பிடிப்பை இழந்து வழுக்குகிறது. கீழே நாம் வெட்டிய வெட்டு, அதைத் தாங்கிக்கொண்டிருந்த அடியை எடுத்துவிடுகிறது. ஆழ வேரோடிய மரங்களை வெட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

அந்தக் காணியை விட்டுவிட்டோம். மாமா இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை.

திகன பக்கம் வந்தது கணவரின் நண்பர் மூலமாக. கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் குண்டசாலையைத் தாண்டிச் சுமார் 15 கிலோமீற்றர். இங்கே மலைகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கின்றன, தலைக்கு மேல் நிற்பதில்லை. தும்பறைப் பள்ளத்தாக்கு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அங்கே ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தொடும். இந்தப் பள்ளத்தாக்குக்கு வருவது மிச்சம்தான். எங்கள் காணி மெதுவாகச் சாய்ந்த ஒரு பழைய தென்னந்தோட்டத் துண்டு. தடுப்புச் சுவர் என்று நாங்கள் கட்டியது முழங்கால் உயரம். மிச்சப்பட்ட பணத்தில் ஓர் அறை கூடுதலாக வந்தது.

சரிவு குறைந்த காணி என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட அனுமதி கேட்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்பார்கள். பெரும்பாலோர் காணியை வாங்கிய பிறகுதான் அதற்கு அலைகிறார்கள். நாங்கள் வாங்குமுன் அந்த நிறுவனத்தின் அபாய வலய வரைபடத்தைப் பார்த்தோம், விற்பவரின் சம்மதத்தோடு அறிக்கைக்கும் விண்ணப்பித்தோம். அதற்காக விற்பவர் காத்திருக்க மறுத்தால் அந்தக் காணியை விட்டுவிடுவது என்றே முடிவு செய்திருந்தோம். இவர் காத்திருந்தார். கடன் தந்த வங்கியின் மதிப்பீட்டாளரும் வீதியைப் பார்ப்பதற்கு முன் காணியின் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். விற்கிற காலம் வந்தால் வாங்குபவரும் அதையே பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

இங்கும் குறைகள் உண்டு. ரயில் இல்லை. காலையில் தென்னக்கும்புர பாலத்தடியில் பஸ் நிற்கத் தொடங்கினால் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பதே நல்லது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளை படிகிறது. பக்கத்தில் டொலமைட் என்ற சுண்ணாம்பு வகைக் கல் எடுக்கிறார்கள் என்றால் தரையின் தன்மையை ஊகித்துக்கொள்ளலாம். குடிக்கக் குழாய்த் தண்ணீரைத்தான் எடுக்கிறோம். 2020 இல் இந்தப் பகுதியில் சிறு நில அதிர்வுகள் பலமுறை வந்தன. விக்டோரியா நீர்த்தேக்கத்தோடு சேர்த்து ஊரில் பல கதைகள் சொல்வார்கள். எதையும் உறுதியாகச் சொல்லும் அறிவு எனக்கில்லை. கட்டும்போது தூண்களிலும் பீம்களிலும் கம்பியைக் குறைக்கவேண்டாம் என்று மேசனிடம் சொன்னோம், அவ்வளவே.

அம்மா கேட்ட கேள்வி வேறு. 2018 மார்ச்சில் திகனயிலும் சுற்றியுள்ள இடங்களிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டதை அவர் மறக்கவில்லை. 1983 இனக்கலவரத்தைப் பார்த்தவர். “அங்கே போய் எப்படி நிம்மதியாக இருப்பாய்?” என்றார். அதற்கு வரைபடத்தில் பதில் கிடையாது. காணி பார்க்கப் போன நாட்களில் ஒழுங்கையில் இருந்த எல்லா வீடுகளிலும் ஏறிப் பேசினோம். ஒரு பக்கம் சிங்களக் குடும்பம், மறுபக்கம் முஸ்லிம் குடும்பம். அந்த நாட்களில் யார் யாருக்கு வாசலைத் திறந்தார்கள் என்பதை இருவருமே எங்களுக்குச் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் நான் சம்மதித்தேன். அம்மாவின் பயம் தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே, 22 ஆம் திகதி, பஹல கடுகண்ணாவையில் கொழும்பு வீதியோரத்தில் மண்மேடு சரிந்து உயிர்கள் போயின. புயலில் கம்பளை நகருக்குள் மகாவலி புகுந்தது. மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. கண்டி மாவட்டத்தில் போன உயிர்கள் மற்ற எந்த மாவட்டத்தையும் விட அதிகம். எங்கள் ஒழுங்கையில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் நாட்கணக்கில் இல்லை. கண்டிக்குப் போகவும் முடியவில்லை. அன்று எங்களுக்குக் கைகொடுத்தது நான் குறை சொன்ன அந்தக் கிணறு. ஒரு வீட்டை வைத்து ஒரு பகுதியையே பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. திகனயைத் தாண்டி உடுதும்பறைப் பக்கம் ஏறினால் அதே மலை, அதே ஆபத்து. ஆனால் அந்த இரவுகளில் பின்சுவருக்கு அப்பால் என்ன சத்தம் என்று காதைத் தீட்டிக்கொண்டு நாங்கள் படுத்திருக்கவில்லை.

ரயிலை நம்பி வீடு தேடுகிறவர்களிடம் அதற்குப் பிறகு ஒன்று சொல்கிறேன்: ரயில் நின்றுவிட்ட மாதங்களிலும் வேலைக்குப் போகும் வழி அந்த ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பளைக்குக் கெலிஓயா வழியான பஸ் பாதை இருப்பது இந்த விடயத்தில் அதன் பலம். கிளைவழி ரயில் நிலையம் ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் ஊர்களில் அது கிடையாது.

மாமாவின் மகன் இப்போது கம்பளைக்கு மேலே 15 பேர்ச் காணி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் என்னையும் கணவரையும் கூட்டிப்போனார். மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். மழை நாளில் போகலாம் என்று கேட்டது நான்தான், வெயில் நாளில் எல்லாக் காணியும் அழகாகத்தான் இருக்கும். மேல் எல்லையில் இரண்டு கமுகு மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. அதன் கீழே, புல்லுக்குள், கலங்கிய தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அங்கே ஊற்று இருந்ததாக விற்பவர் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் படியில் விரல் நுழையுமளவு வெடிப்பு. மாமா மகன் எதுவும் பேசாமல் அதைக் கைபேசியில் படம் எடுத்தார். ஒரே நாளில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிரு, 100 என்றால் தயாராயிரு, 150 என்றால் வெளியேறு என்ற கணக்கை இறங்கி வரும் வழியில் கணவர் அவருக்குச் சொன்னார். அறிக்கைக்கு விண்ணப்பித்திருக்கிறார். முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை. மாமாவும் இந்தமுறை அவசரப்படுத்தவில்லை.