ஃபுல் இன்சூரன்ஸும் நான் காருக்குப் பூட்டிய சாமான்களும்: ஏழு வருட அனுபவம்

2018இல் வாங்கிய வேகன் ஆர் எஃப்எக்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வீடு கொழும்பு வெள்ளவத்தையில். அன்றிலிருந்து ஒரே நிறுவனத்தில் ஃபுல் இன்சூரன்ஸ். நானாகப் பூட்டிய சாமான்களுக்காக இதுவரை இரண்டு தடவை கிளைம் போட்டிருக்கிறேன். முதல் தடவை வெறுங்கை. இரண்டாம் தடவை பாதிக்குச் சற்று மேலே கிடைத்தது. காரும் நிறுவனமும் மாறவில்லை. இடையில் காப்புறுதிப் பத்திரத்தோடு ஒரு தாள் கூடுதலாகச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

எஃப்எக்ஸ் மாடல் சாதாரண இரும்பு ரிம்மோடும் பிளாஸ்டிக் வீல் கப்போடும்தான் வரும். வாங்கி ஒரு வருடத்துக்குள் பஞ்சிகாவத்தையில் ஜப்பான் அலாய் வீல் நான்கு எடுத்தேன். பிறகு முன் பம்பருக்குக் கீழே லிப் என்ற அழகுப் பட்டி, ஆண்ட்ராய்டு செட்டப் (பாட்டும் படமும் போடும் திரை), ரிவர்ஸ் கமரா, கடைசியில் சீட்டுக்கு அடியில் ஒரு அம்பும் (ஒலிபெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) பின்னால் ஒரு சப் வூஃபரும். இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேல் போயிருக்கும். ஒவ்வொன்றையும் ஆசைப்பட்டு, மாதம் மாதம் காசு சேர்த்துப் பூட்டினேன். ஃபுல் இன்சூரன்ஸ்தானே இருக்கிறது, காரில் உள்ளதெல்லாம் அதற்குள் வரும் என்றே நினைத்திருந்தேன்.

2021 கடைசியில் டுப்ளிகேஷன் வீதியில் ஒரு பஸ் இடது பக்கத்தை உரசிக்கொண்டு போனது. பம்பர் கிழிந்தது, லிப் இரண்டாக உடைந்தது, முன் இடது அலாய் வீலின் விளிம்பு வெடித்தது. காப்புறுதி நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் அசெசர் மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார். மரியாதையான மனிதர். குந்தியிருந்து லிப்பின் உடைந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கத்தில் இரட்டைப் பக்க டேப்பும் கறுப்பு ஸ்க்ரூ மூன்றும் தெரிந்தன.

"இது கம்பனியிலிருந்தே வந்ததா தம்பி, பிறகு பூட்டினதா?"

"பிறகு பூட்டினது அண்ணே."

"பத்திரத்தில் எழுதியிருக்கா?"

இல்லை. படிவத்தில் அந்த வரிக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். அலாய் வீலுக்கும் அதே கேள்வி, அதே பதில். பம்பருக்குக் காசு தந்தார்கள். சக்கரத்துக்கு ஓர் இரும்பு ரிம்மும் ஒரு வீல் கப்பும் என்ன விலையோ அதைத்தான் கணக்கில் எடுத்தார்கள். ஒரு வீல் மட்டும் தனியாக அதே டிசைனில் கிடைக்காததால் நான்கையுமே மாற்ற வேண்டி வந்தது. முழுச் செலவும் என் கையால்.

அன்று கோபம் வந்தது. பத்திரத்தை எடுத்து முதல் தடவையாக முழுவதும் வாசித்தேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்ததை ஒரு நண்பரோடு இருந்து வரிவரியாகப் பார்த்தோம். அவர்கள் காப்புறுதி செய்தது தொழிற்சாலையிலிருந்து வந்த காரை. அதன் பிறகு ஏறிய எந்தச் சாமானும் நாம் அறிவித்து, அவர்கள் பெறுமதி போட்டு ஏற்றுக்கொண்டால்தான் உள்ளே வரும். காப்புறுதி என்பது இரு தரப்பும் ஒன்றையும் மறைக்காமல் செய்யும் ஒப்பந்தம். காரைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லும் பொறுப்பு நம்முடையது. காப்புறுதியை விற்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்னும் இருக்கிறது. புதுப்பிக்கும்போது முகவர் கேட்டதெல்லாம் கட்டுப்பணத்தை (பிரீமியத்தை) எப்படிக் கட்டப் போகிறீர்கள் என்பது மட்டும்தான்.

2022இல் புதுப்பிக்கும்போது எல்லாச் சாமானையும் எழுதிக் கடிதம் கொடுத்தேன். பில்லும் படமும் கேட்டார்கள். அங்கேதான் சிக்கல். செட்டப் வாங்கிய பில் மெஷினில் அடித்த மெல்லிய தாள். காரின் டேஷ்போர்ட் பெட்டிக்குள் வெயிலில் கிடந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. ஓர் எழுத்துக்கூட இல்லை. பஞ்சிகாவத்தை பில்லோ கடைப் பெயர்கூட இல்லாத துண்டுத் தாள். கடைக்குத் திரும்பப் போனேன். முதலாளி முகம் சுளிக்காமல், "அதுக்கென்ன தம்பி, எழுதித் தாறன்" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

பெறுமதி இன்னொரு பிரச்சினை. அந்த வருடம் மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கி, இருநூறு அளவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. முன்பு கொடுத்த விலைக்கு அதே அலாய் வீலில் இரண்டுகூட வராது. அதனால் பழைய பில்லோடு அன்றைய விலைக்குக் கொட்டேஷனும் எடுத்து வைத்தேன். அவர்கள் காரைப் பார்த்து, ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனிப் பெறுமதி போட்டு, அவற்றைப் பத்திரத்தில் சேர்த்ததற்கான ஒரு என்டோஸ்மென்ட் தாள் தந்தார்கள். வருடத்துக்குக் கூடுதலாக ஐயாயிரம் ரூபாய்க்குள்தான் வந்தது.

காரின் பெறுமதியையும் அப்போதே ஏற்றினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. பத்திரத்திலோ பழைய தொகை. சந்தையில் 75 இலட்சம் போகும் காரை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், ஒரு இலட்ச ரூபாய் சேதத்துக்கு 80 ஆயிரம்தான் தருவார்கள். குறைத்துப் போட்ட விகிதத்துக்கு ஏற்பக் கழிப்பார்கள். சாமான்களுக்கும் இதே கணக்குத்தான். கட்டுப்பணத்தைக் குறைக்க நினைத்து பெறுமதியைக் குறைத்துப் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது கிளைம் 2024 ஜூன் தொடக்க மழையில். வெல்லம்பிட்டியில் மாமா வீட்டு வாசலில் கார் நின்றது. விடியும்போது தண்ணீர் சீட்டின் அடி வரை. நல்லவேளை, யாரும் ஸ்டார்ட் பண்ணவில்லை. தண்ணீர் ஏறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி அது பழுதானால் அந்தச் சேதத்துக்குத் தர மறுக்கலாம். இந்த மாடலில் ஹைபிரிட் பேட்டரி முன் இடது சீட்டுக்கு அடியில் இருப்பதால் எனக்குப் பெரிய பயம் அதுதான். அது தப்பியது. அம்பும் சப் வூஃபரும் கம்பளமும் போயின. வெள்ளத்துக்கான மேலதிகக் காப்புறுதியையும் எடுத்திருந்ததால் கிளைம் ஏற்கப்பட்டது. அசெசர் என்டோஸ்மென்ட் தாளைப் பார்த்து, அம்பின் அடியில் இருந்த இலக்கத்தை ஒப்பிட்டு, மறுபேச்சில்லாமல் எழுதினார். தேய்மானமும் எக்செஸும் (ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை) கழித்து அம்புக்கும் சப்புக்கும் போட்ட பெறுமதியில் பாதிக்குச் சற்று மேலே கைக்கு வந்தது. வயரிங் கூலி கிடைக்கவில்லை. பத்திரத்தில் இல்லாததால் நானும் கேட்கவில்லை.

எல்லா மாற்றத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால் ஏற்பார்கள் என்றும் இல்லை. சைலன்சரை மாற்றுவது பற்றி விசாரித்தபோது முடியாது என்றே சொல்லிவிட்டார்கள், நான் அந்த எண்ணத்தை விட்டேன். எஞ்சினோ நிறமோ மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும். என் பத்திரத்தில் இன்னொரு நிபந்தனை: கார் அப்படியே நிற்க, பூட்டிய சாமான் மட்டும் களவு போனால் கிடையாது. கொழும்பில் சைட் மிரரே களவு போகும் நிலையில் இது எனக்குப் பெரிய குறையாகத்தான் தெரிகிறது. புதிதாக எடுக்கிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வரியையாவது கேளுங்கள்.

போன மாதம் டேஷ் கமரா பூட்டினேன். பில்லைக் கடை வாசலிலேயே படம் எடுத்து, கமராவின் இலக்கத்தோடு முகவருக்கு அனுப்பினேன். "சேர்த்தாச்சு" என்று அன்றே பதில் வந்தது. தாள் இன்னும் கைக்கு வரவில்லை. திங்கட்கிழமை நேரே போய் வாங்கி வரப் போகிறேன்.