திருவொற்றியூரில் ஒரு நாட்டுமருந்துக் கடை

கார்த்திகைப் பௌர்ணமிக்கு மதுரையிலிருந்து வந்திருந்தேன். ஒற்றியூர் சிவன் கோயில் மூலவர் ஆதிபுரீஸ்வரருக்கு வருஷம் முழுக்கக் கவசம்தான். இந்தப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அதைக் கழற்றி, புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். மூன்று மணி நேர வரிசை, கடல் காற்று, நடுவில் தூறல் வேறு. வெளியே வந்தபோது தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது.

தேரடி பக்கம் பெட்டிக்கடை அளவில் ஒரு நாட்டுமருந்துக் கடை. "இன்னா நைனா, கொரலே காணோம்?" என்றார் கல்லாவில் இருந்த ஆயா. பதிலுக்குக் காத்திராமல் சித்தரத்தை, அதிமதுரம், திப்பிலி எல்லாம் எடுத்து வைத்தார். சுக்கை மட்டும் அப்படியே போடவில்லை. சின்னக் கத்தியால் தோலை வெளுப்புத் தெரியும்வரை சுரண்டி, ஊதிவிட்டு, அப்புறம்தான் உரலில் போட்டு இடித்தார். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு. தெரியும்ல?" தெரியும். எங்கள் அம்மாச்சியும் இதையேதான் சொல்லும். அரைத்து அடைத்த பொடியில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

80 ரூபாய். பனங்கற்கண்டு போட்டுக் காய்ச்சி இரண்டு வேளை குடித்தேன். மறுநாள் ரயிலில் பேச முடிந்தது. மருந்தா, வாயை மூடிக்கொண்டு தூங்கியதா, சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன்.

பொட்டலம் கட்டுவதுதான் மட்டம். பழைய பேப்பர், ஒற்றை நூல். ஊர் போய்ச் சேர்வதற்குள் வேட்டி சட்டையெல்லாம் திப்பிலி வாசம். ஜிபே கிடையாது, மதியம் ஷட்டர் இறங்கிவிடும். போகிறவர்கள் கையோடு ஒரு டப்பா கொண்டு போங்கள்.