மானியம் வரும் வரை சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து? வேலூரில் ஓர் ஆலோசனைச் சேவை – மதிப்பீடு

சத்துவாச்சாரியில், கலெக்டர் அலுவலகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகம் சிறிய டிரஸ்ட்களுக்கும் சங்கங்களுக்கும் ஆண்டுச் சந்தாவில் ஒரு சேவை தருகிறது. அரசு மானியம் தள்ளிப்போனால், நின்றுபோனால், விதி மாறினால் நிறுவனம் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தருவதுதான் வேலை. கணக்கு எழுதுவதும் ரிட்டர்ன் போடுவதும் இதில் சேராது. கட்டணம் ஆண்டுக்கு 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அவர்கள் போட்டுத்தரும் நிதிப் பட்டியல் ஒன்றுக்காகவே இந்தப் பணத்தைத் தரலாம். "மாற்று நிதி தேடித் தருகிறோம்" என்ற பகுதியை நம்பிச் சேர வேண்டாம்.

பழைய வட ஆற்காட்டுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. பீடி, தீப்பெட்டி வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி மையங்கள் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் நடந்துவந்தன. 2021 ஏப்ரல் 1 முதல் அந்தத் திட்டம் ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவுடன் இணைக்கப்பட்டது. காகிதத்தில் 'இணைப்பு'தான், மையம் நடத்திய அமைப்புக்கோ தன் பெயரில் வந்துகொண்டிருந்த சாங்ஷன் ஆர்டர் (மானிய அனுமதி உத்தரவு) நின்றுபோனது. அந்த சமக்ர சிக்ஷாவிலேயே 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தரவில்லை என்று தமிழ்நாடு அரசு 2025இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மாநில அரசுக்கே இந்தக் கதி என்றால், 12 பேர் வேலை செய்யும் டிரஸ்ட் எந்த மூலைக்கு?

சரி, நிதிப் பட்டியலுக்கு வருவோம். முதல் இரண்டு சந்திப்புகளும் இதற்கே போகின்றன. எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட், எல்லா சாங்ஷன் ஆர்டர், ஒப்பந்தம், டிரஸ்ட் பத்திரம், கடைசி மூன்று வருட ஆடிட் அறிக்கை ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வரி: எங்கிருந்து வந்தது, எந்த உத்தரவில், எந்தக் கணக்கில் கிடக்கிறது, எதற்குச் செலவழிக்கலாம், எந்தத் தேதிக்குள், மிச்சமானால் யாருக்குப் போகும். ஏழாவதாக ஒரு கட்டம் இருக்கிறது: "அவசரத்துக்கு எடுத்தால் திருப்பிப் போட முடியுமா?" வாங்கும் கட்டணத்துக்குப் பாதி மதிப்பு இந்தக் கட்டத்தில்தான்.

ஒரு குழந்தைகள் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். 40 பிள்ளைகள். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பராமரிப்புத் தொகை ஒரு பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய். மாதம் 1,20,000, வருடத்துக்கு 14,40,000. இதில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்துடையது 40. ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கு முதல் தவணை அக்டோபரில் வந்தால், இடையில் 7,20,000 ரூபாயை இல்லம் சொந்தமாகச் சமாளிக்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் எத்தனை மாதம்தான் கடன் சொல்வார்? இந்த நேரத்தில் செக்ரட்டரிகளின் கண் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) கணக்கின் மேல் விழும். நாலைந்து லட்சம் அங்கே சும்மா கிடக்கிறது, மானியம் வந்ததும் திருப்பிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் வினை. வெளிநாட்டு நிதிக்கான கணக்கில் உள்ளூர்ப் பணம் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. எடுத்த காரியம் நன்கொடையாளர் சொன்ன நோக்கத்துக்குள் வராவிட்டால் எடுத்தது தப்பு; திருப்பிப் போட்டால் அது இரண்டாவது தப்பு. பட்டியலில் அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில் "முடியாது" என்று போட்டுவிடுகிறார்கள்.

கார்பஸுக்கு (டிரஸ்டின் மூலதன நிதி) நேரே "முடியும், ஐந்து வருடத்துக்குள்" என்று இருக்கிறது. வரிவிலக்கு வேண்டுமானால் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த வருடமே செலவழித்திருக்க வேண்டும். கார்பஸிலிருந்து எடுத்துச் செலவழித்தால் அது அந்த வருட 85 சதவீதச் செலவுக் கணக்கில் சேராது. ஐந்து ஆண்டுக்குள் திருப்பிப் போட்டால், போட்ட வருடத்தில் சேரும். வங்கிக் கடனுக்கும் இதே கதைதான். டிரஸ்ட் பத்திரத்தில் கார்பஸைத் தொடக் கூடாது என்று எழுதியிருந்தால் இந்த வழி அடைபட்டது. அதையும் படித்துப் பார்த்தே எழுதுகிறார்கள். பல ஆடிட்டர்கள் அந்தப் பத்திரத்தைக் கேட்பதே இல்லை. ஆகக் கடைசியில் கட்டுப்பாடில்லாத பணம் என்று மிஞ்சுவது பொது நன்கொடை மட்டும். வருமானத்தில் 15 சதவீதத்தைக் காரணம் சொல்லாமலே சேர்த்துவைக்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்தும், "வந்ததெல்லாம் செலவாகியிருக்க வேண்டும்" என்ற பயத்தில் மார்ச் கடைசியில் நாற்காலி வாங்குகிற டிரஸ்ட்கள் நிறைய. இந்த 15 சதவீதத்தை மூன்று மாதச் சம்பளம் வரை தனிச் சேமிப்பாக வளர்க்கச் சொல்வது நல்ல யோசனை.

மார்ச் 28ஆம் தேதி மானியம் கணக்கில் விழுந்தால்? அதற்கும் வழி சொல்கிறார்கள். அந்த வருடத்திலேயே 85 சதவீதம் செலவழிக்க முடியாது. எனவே அடுத்த வருடம் செலவழிப்பதாகப் படிவம் 9ஏ போட வேண்டும். ரிட்டர்ன் கெடு அக்டோபர் 31 என்றால் இதற்கு ஆகஸ்ட் 31. ரிட்டர்ன் கெடுவையும் தவறவிட்டால் வரிச் சிக்கல்தான். ஒரு குறை: இவர்கள் தரும் கையேட்டில் பழைய சட்டத்தின் பிரிவு எண்களும் படிவ எண்களும்தான் இருக்கின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025. அந்த ஆண்டிலிருந்து எண்கள் வேறு. 2025-26 கணக்குக்கு மட்டுமே கையேடு அப்படியே பொருந்தும்.

யூசி (மானியத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) விஷயத்தில் நல்ல கை. கருவூலக் கணக்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் உட்கார்ந்து யூசிக்கான ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தை வரிவரியாகப் பார்க்கிறார். போன வருட யூசியின் இறுதி இருப்பும் இந்த வருடத் தொடக்க இருப்பும் பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். மானியம் சேமிப்புக் கணக்கில் கிடந்த காலத்துக்கு வந்த வட்டி நம்முடையதல்ல. தனியாகக் காட்டி அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். பல யூசிகள் திரும்பி வருவது இந்த வட்டிக்கான கட்டம் காலியாக இருப்பதால்தான். ஆகவே ஒவ்வொரு மானியத்துக்கும் தனிக் கணக்கு வைக்கச் சொல்கிறார்கள். விதிப்படி யூசிக்கு நிதியாண்டு முடிந்து 12 மாத அவகாசம் உண்டு. அதை நம்பி உட்கார்ந்தால் அடுத்த தவணையும் அவ்வளவு தாமதமாகும் என்பதால் ஜூன் மாதமே கேட்டு வாங்கிவிடுகிறார்கள். காய்கறி, மளிகை பில்களில் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்ததையும் அப்போதே பிடித்துவிடுகிறார்கள். வருமான வரிக் கணக்கில் அது செலவாகவே எடுபடாது.

முகவரி ஒப்பீடும் இந்தப் பக்கத்துக்கு மிகவும் தேவையான வேலை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரில் இருக்கும் டிரஸ்ட் இன்று திருப்பத்தூர் மாவட்டம், வாலாஜாவில் இருப்பது ராணிப்பேட்டை. ஆனால் பான், 12ஏபி உத்தரவு (வரிவிலக்குப் பதிவு), என்ஜிஓ தர்பண் (தொண்டு நிறுவனங்கள் பதியும் அரசு இணையதளம்), பிஎஃப்எம்எஸ் (அரசு நிதி வழங்கும் இணையதளம்), எஃப்சிஆர்ஏ ஆகிய ஐந்திலும் என்ன இருக்கிறது? இரண்டில் புதிய மாவட்டம், மூன்றில் பழைய வேலூர் என்று கிடக்கும். எஃப்சிஆர்ஏ முகவரி மாற்றத்துக்குப் படிவம் எஃப்சி-6ஏ, 45 நாள் கெடு. சங்கமாக இருந்தால் கமிட்டி மாறியதை மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7இல் சொல்லியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். தர்பணில் பழைய தலைவர் பெயர், யூசியில் புதியவர் கையெழுத்து என்றால் கோப்பு நகராது.

இனி சொதப்பலான பகுதி. கொள்கை மாற்றங்களை உடனுக்குடன் தெரிவிப்போம் என்கிறார்கள். நடப்பது வாட்ஸ்ஆப்பில் ஆங்கில சர்க்குலரை அப்படியே தள்ளிவிடுவது. எஃப்சிஆர்ஏ பதிவு முடிவதற்குக் குறைந்தது 4 மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கும்படி உள்துறை 2025இல் சொன்னது. பதிவு காலாவதியானால் புதிதாக வாங்கவும் முடியாது, கையில் இருப்பதைச் செலவழிக்கவும் முடியாது. சந்தாதாரருக்கு வேண்டியது "உங்களுக்குக் கெடு இந்தத் தேதி" என்ற ஒரே வரி. ஒவ்வொருவரின் பதிவுத் தேதியும் இவர்கள் கையில் இருக்கும்போது அதைக் கணக்குப் போட்டுச் சொல்ல என்ன கஷ்டம்?

"மாற்று நிதி" என்று அவர்கள் சொல்லும் சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) பகுதி அதைவிட மோசம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் நிறுவனங்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறார்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றையாவது எட்டிய கம்பெனிக்குத்தான் சிஎஸ்ஆர் கடமை. கூட்டாண்மை நிறுவனம் எத்தனை கோடி ஏற்றுமதி செய்தாலும் அந்தச் சட்டத்துக்குள் வராது. அவர்களிடம் 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) ரசீதைக் காட்டித்தான் நன்கொடை கேட்க முடியும், அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக இல்லாமல். பட்டியலில் இந்தப் பிரிப்பே இல்லை. மாதிரித் திட்ட வரைவில் "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மிகாமல்" என்று டிரஸ்டின் தலையில் கட்டியிருப்பது அதைவிடப் பெரிய கோளாறு. அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் செலவுக்கான வரம்பு. டிரஸ்ட் தன் களப் பணியாளர் சம்பளம், பயணம், வாடகை எல்லாவற்றையும் திட்டச் செலவாகத் தனித்தனி வரியில் காட்ட வேண்டும். இந்த மாதிரியை அப்படியே நிரப்பிக் கொடுத்தால் முதல் மாதமே கையைக் கடிக்கும். சிஎஸ்ஆர் பணம் வாங்க டிரஸ்ட் செய்ய வேண்டிய சிஎஸ்ஆர்-1 பதிவை மட்டும் ஒழுங்காக முடித்துத் தருகிறார்கள்.

பணி நியமனக் கடித மாதிரியையும் அப்படியே எடுக்க வேண்டாம். "மானியம் நின்றால் பணி தானாக முடிவுறும்" என்று ஒரு வரி எழுதினால் பொறுப்பு தீர்ந்தது என்கிற பாணியில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறித்த கால ஒப்பந்தப் பணியாளருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. திட்டச் செலவில் அதற்கு ஒரு தொகை ஒதுக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

சேருவதானால் ஜனவரி, பிப்ரவரியில் சேருங்கள். ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தால் மார்ச்சோடு முடிந்த வருடத்தின் 85 சதவீதக் கணக்கு முடிந்துபோயிருக்கும். டிரஸ்ட்களுக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு (கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) பெரும்பாலும் கிடைக்காது என்பதால் உண்மைச் செலவு 35,400. வருடத்துக்கு 50,000 தாண்டாதவரை டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை. அரசு மானியத்தில் இந்தச் செலவுக்குப் பெரும்பாலும் தலைப்பு இருக்காது. எஃப்சிஆர்ஏ பணத்தில் கொடுத்தால் 20 சதவீத நிர்வாகச் செலவு வரம்புக்குள் போகும். அந்த வரம்பை ஏற்கெனவே முட்டிக்கொண்டிருப்பவர்கள் பொது நன்கொடையிலிருந்து தருவது நல்லது. சிஎஸ்ஆர் பகுதியை எடுத்துவிட்டுக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் கொடுத்த தாளில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி விலை இருக்கிறது.