கப்பா, தராசா? மாவு விஷயத்தில் என் ஓட்டு தராசுக்கே

தீபாவளிக்கு சுஜி பிஸ்கட்டை வீட்டிலேயே செய்வது என்று முடிவான பிறகுதான் ஒரு சின்ன மின்தராசு வாங்கினேன். அதுவரை எல்லாம் கப் கணக்குதான். இப்போது இரண்டும் அலமாரியில் இருக்கின்றன, ஆனால் மாவு என்றால் கை தராசுக்குத்தான் போகிறது.

தண்ணீரில் சண்டையே இல்லை: 100 மில்லி என்றால் 100 கிராம். சர்க்கரையும் அப்படித்தான், யார் அள்ளினாலும் ஒரு கப் ஏறக்குறைய 200 கிராம் வரும். மாவு மட்டும் அடங்காது. மைதாவைக் கரண்டியால் மெல்லப் போட்டு மேலே வழித்துவிட்டால் ஒரு கப் சுமார் 120 கிராம். கப்பையே பைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150-ஐத் தொடும். நாலு கப் கேட்கும் குறிப்பில் 120 கிராம் வித்தியாசம், அதாவது முழுசாக ஒரு கப் மாவு! நெய் குறைந்துவிட்டதோ என்று குழம்புவோம், கூடிப்போனது மாவு. சலித்த மாவா, சலிக்காத மாவா என்பதைப் பொறுத்தும் எடை மாறும். யாருடைய கை அள்ளுகிறது என்பது குறிப்பில் எழுதப்படாத ஒரு சாமான்.

அதோடு, எந்தக் கப்? அமெரிக்கக் குறிப்புகளில் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 250. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லிதான். சிங்கப்பூரில் இந்த மூன்றும் ஒரே இழுப்பறையில் கிடக்கும், நாமும் பல நாட்டுக் குறிப்புகளையும் பார்த்துச் சமைக்கிறோம்.

கிராமுக்கு மாற்றும் பட்டியலை வைத்துச் சமாளிக்கலாமே என்றால், ஓரளவுக்குத்தான். ஒரு பட்டியல் மைதாவுக்கு 120 என்கிறது, இன்னொன்று 125, வேறொன்று 140. எந்தக் கையால் அள்ளினார்களோ! குறிப்பை எழுதியவரே ஒரு கப்புக்கு எத்தனை கிராம் என்று சொல்லியிருந்தால் அதையே எடுத்துக்கொள்வேன். இல்லையென்றால் 125-இல் தொடங்கி, மாவின் பதம் பார்த்துக் கூட்டுவேன். கேழ்வரகு, கம்பு மாவுகளில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அவற்றுக்கு எண் சொல்லத் தயங்குகிறேன். இன்னொன்று, நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து கிடந்த மாவு கொஞ்சம் நீரை இழுத்துக்கொள்ளும். அதற்குத் தராசிலும் மருந்து கிடையாது.

கப்புக்கும் ஓர் இடம் உண்டு. முறுக்குக்கு நாலு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு உளுத்தம் மாவு என்பது விகிதம். ஒரே டம்ளரால் ஒரே மாதிரி அள்ளினால் போதும். சோற்றுக்கும் அப்படித்தான், குக்கர் பானையின் கோடு அந்த 180 மில்லி கப்புக்குப் போட்டது. ஈஸ்ட், பேக்கிங் பவுடருக்குக் கரண்டியே மேல். ஒரு டீஸ்பூன் ஈஸ்ட் 3 கிராம்தான், ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு அதில் தடுமாறும்.

கழுவும் வேலையிலும் தராசுதான் லாபம். கிண்ணத்தை வைத்து பூஜ்ஜியப் பொத்தானை அழுத்தி மாவு, மறுபடி அழுத்தி சர்க்கரை, அப்புறம் நெய். நெய் ஒட்டிய கப்பைத் தேய்க்க வேண்டியதில்லை. தேன் என்றால் போத்தலையே தராசில் வைத்து பூஜ்ஜியமாக்கி, வேண்டியதை எடுத்தால், எடுத்த அளவு மைனஸில் தெரியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, எவ்வளவு நேரத்தில் தானாக அணைகிறது என்பதை. சில தராசுகள் மாவுப் பையைத் திறப்பதற்குள் தூங்கிவிடும்.