"முழு கேஷ்லெஸ்" என்று விற்கப்படும் பயணக் காப்பீடு: ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டுப் பயணத்துக்கு "முழு கேஷ்லெஸ்" (மருத்துவமனையில் நாம் பணம் கட்ட வேண்டாம், நிறுவனமே நேரடியாகக் கட்டிவிடும்) என்று சொல்லி விற்கப்படும் காப்பீட்டு பாலிசியை அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். அந்தச் சொல்லைச் சொல்லி விற்பவர் ஒருவர், மருத்துவமனையோடு பேச வேண்டியவர் இன்னொருவர், பணம் தர மறுப்பவர் மூன்றாமவர். இந்த மூவருக்கும் நடுவே என் அம்மாவின் உடைந்த மணிக்கட்டு பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். விவகாரம் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை.

பாரிஸில் மெட்ரோ நிலையப் படிக்கட்டு மழையில் நனைந்திருந்தது. அம்மா வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். 112-ஐ அழைத்தோம். பிரான்ஸில் மருத்துவ உதவிக்கென்றே 15 என்ற எண் இருக்கிறது. 112 ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொது. ஆம்புலன்ஸ்மீதும் மருத்துவமனைமீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. பணத்தைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன்பே எக்ஸ்ரே எடுத்து, வலிக்கு மருந்து கொடுத்துவிட்டார்கள். எலும்பு விலகியிருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். அதன் பிறகுதான் பில் கவுன்ட்டரில் ஒரு பெண்மணி கேட்டார்: செலவைத் தாங்களே கட்டுவதாகக் காப்பீட்டு நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம் வருமா, இல்லை முன்பணம் கட்டுகிறீர்களா?

கேஷ்லெஸ் என்பது அந்த ஒரு கடிதம்தான். அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

பாலிசி அட்டையில் பெரிதாக அச்சிட்டிருந்த எண்ணை அழைத்தேன். "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்றது. கட்டணமில்லா எண்கள் பெரும்பாலும் அந்தந்த நாட்டுக்குள்தான் வேலை செய்யும். வெளிநாட்டில் பயன்படுத்துவதற்கென்றே விற்கும் பாலிசியில் உள்நாட்டில் மட்டும் ஒலிக்கும் எண்ணை அச்சிட்டவர்களை என்னவென்று சொல்வது? வேறோர் எண் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதை எடுத்தது காப்பீட்டு நிறுவனம் அல்ல. அதன் சார்பில் உதவி செய்யும் வேறொரு கம்பெனி. ஒவ்வொரு முறையும் புதிய குரல், ஒவ்வொரு முறையும் படிக்கட்டிலிருந்து கதையை ஆரம்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் பக்கம் கேட்டார்கள், அனுப்பினோம். நாட்டுக்குள் நுழைந்த முத்திரை கேட்டார்கள், அனுப்பினோம். செலவு மதிப்பீட்டை மருத்துவமனையே மின்னஞ்சலில் அனுப்பியது. வரவில்லை என்றார்கள், கவுன்ட்டர் பெண்மணி மீண்டும் அனுப்பினார். "பரிசீலனையில் இருக்கிறது சார்" என்பதைத் தவிர எதுவும் வரவில்லை. மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை. கார்டைத் தேய்த்தோம்.

அந்த இடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். கார்டு இயந்திரம் "யூரோவிலா, உங்கள் நாட்டு நாணயத்திலா?" என்று கேட்கும். யூரோ என்றே அழுத்துங்கள். சொந்த நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை இயந்திரக்காரர்கள் வைப்பார்கள். பெரிய பில்லில் அது நன்றாகவே கடிக்கும்.

ஊர் திரும்பியதும் க்ளெய்ம் போட்டோம். முதலில் பிரெஞ்சு அறிக்கைக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள், அதற்கும் எங்கள் செலவு. பிறகு மறுப்புக் கடிதம் வந்தது. மருத்துவர் தன் அறிக்கையில் ஒரு வரியில் "ஈரப் படியில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதியிருந்தார். வேறொரு பத்தியில், முந்தைய நோய்கள் என்ற தலைப்பின் கீழ், "ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார்" என்று இருந்தது. நிறுவனம் முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது: ரத்த அழுத்தத்தால் மயக்கம் வந்து விழுந்திருக்கக் கூடும், அது பாலிசிக்கு முன்பே இருந்த நோய், ஆகவே அறுவைச் சிகிச்சைச் செலவு கிடையாது. இத்தனைக்கும் விண்ணப்பத்தில் ரத்த அழுத்தம் உண்டு என்று தெளிவாகக் குறித்துக் கொடுத்திருந்தோம். விற்ற ஏஜென்டை அழைத்தால், "பாலிசி போட்டுக் கொடுப்பதோடு என் வேலை சரி சார், க்ளெய்மை அவர்கள்தான் பார்ப்பார்கள்" என்றார்.

இப்படிப்பட்ட பாலிசிகள் ஏன் இவ்வளவு தாராளமாக விற்கின்றன என்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பது 2009-இல் வந்த விசா விதித்தொகுப்பின் நிபந்தனை. அவசர சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, நோயாளியைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும். விசா அதிகாரி அந்தத் தொகையையும் தேதிகளையும் பார்க்கிறார். ஏஜென்டும் அந்தத் தாளுக்காகத்தான் விற்கிறார். உள்ளே முந்தைய நோய்க்கு என்ன விலக்கு, வயதானவர்களுக்கு எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு உச்சவரம்பு, முதலில் நாம் சொந்தமாகக் கட்ட வேண்டிய பகுதி எவ்வளவு என்பதெல்லாம் விசா கிடைத்த பிறகு யாரும் திறந்து பார்க்காத பக்கங்களில் கிடக்கின்றன.

ஏஜென்டிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். உத்தரவாதக் கடிதம் எத்தனை மணி நேரத்தில் வரும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர் விபத்தில் அடிபட்டால் செலவு கிடைக்குமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த பாலிசி வேண்டாம். உதவி எண் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வேலை செய்கிறதா என்று கேட்டு, காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். அம்மாவை ஏற்றிய ஆம்புலன்ஸில் என் போனில் சார்ஜ் ஏறக்குறைய இல்லை. தூதரகம் பில்லைக் கட்டிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். குடும்பத்துக்குத் தகவல் சொல்வார்கள், பாஸ்போர்ட் தொலைந்தால் அவசரப் பயண ஆவணம் தருவார்கள். மருத்துவச் செலவு அவர்கள் வேலை அல்ல.

எங்களுக்கு இதுவரை ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே பணம் மட்டும் வந்திருக்கிறது. மீதிக்கு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் போயிருக்கிறது. அங்கும் மறுத்தால் நிறுவனத்துக்கு வெளியே உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவோம். பாரிஸ் மருத்துவருக்கு எழுதி, முறிவு வழுக்கி விழுந்ததால் ஏற்பட்டது, ரத்த அழுத்தம் காரணமல்ல என்று ஒரு சான்று கேட்டோம். தாமதிக்காமல் கையெழுத்திட்டு அனுப்பினார். அந்தச் சான்றை டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, மருத்துவமனையை விட்டு வெளியே வருவதற்குள், கேட்டு வாங்கிவிடுங்கள்.