காரைக்குடியில் வாங்கிய கவுனி அரிசி: அரிசி அருமை, அட்டை வாசகம்தான் வம்பு

கல்யாண விருந்தில் கவுனி அரிசி இல்லாவிட்டால் எங்கள் பக்கம் மனசு ஆறாது. பர்மாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்த அரிசி என்று பெரியவர்கள் சொல்வார்கள். பேத்திக்குச் செய்து கொடுக்கக் காரைக்குடிக் கடை ஒன்றில் கிலோ 180 ரூபாய்க்கு வாங்கினேன்.

அரிசியில் குறையே இல்லை. கல் கிடையாது, நொய் குறைவு. ஒரு மணியை உடைத்துப் பார்த்தேன். தோல் கருப்பு, உள்ளே வெள்ளை. கழுவிவிட்டு ராத்திரி ஊறப்போட்டேன். காலையில் தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி இருந்தது. ஆந்தோசயனின் என்கிறார்களே, அந்த நிறம்தான் அது. கத்தரிக்காய்த் தோலிலும் அதுவேதான். கொஞ்சம் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவக்கும். பேத்தி அதைவிட்டு நகரவே இல்லை. தண்ணீரில் கரைகிற சத்து என்பதால் ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்தேன். குக்கரில் எட்டு விசில். அப்புறம் சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய். மசிந்தும் மசியாமலும், பல்லுக்குக் கொஞ்சம் வேலை வைக்கிற பதம். அருமை!

ஆனால் அட்டையில், 'ஆன்டி ஆக்சிடன்ட் நிறைந்தது, புற்றுநோயைத் தடுக்கும், சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். இதுதான் எனக்குக் கோபம். ஆன்டி ஆக்சிடன்ட் என்றால் உடம்பின் செல்களைச் சிதைக்கிற வேதிப்பொருள்களை அடக்கும் பொருள். இந்த அரிசியில் முக்கியமாக அந்த ஆந்தோசயனின்தான் அது. ஆனால் சோதனைக் குழாயில் அது செய்வது அப்படியே உடம்பில் நடக்காது. ஆந்தோசயனினில் கொஞ்சம்தான் உள்ளபடியே ரத்தத்தில் சேரும். பெரும்பகுதியைக் குடல் நுண்ணுயிர்கள் உடைத்து வேறு பொருளாக்கிவிடும். எந்த உணவில் எவ்வளவு ஆன்டி ஆக்சிடன்ட் திறன் என்று அமெரிக்க வேளாண் துறை வைத்திருந்த பட்டியலை 2012இல் அவர்களே எடுத்துவிட்டார்கள். அந்த எண்களை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் ஒரு காரணம். பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற இன்னொரு ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. அரிசி வேறு, மாத்திரை வேறு, சரி. ஆனாலும் ஆன்டி ஆக்சிடன்ட் என்றாலே புற்றுநோயைத் தடுக்கும் என்று எப்படி எழுதலாம்?

தவிட்டோடு சாப்பிடுவதால் நார்ச்சத்து கிடைக்கும், நல்லதுதான். ஆனாலும் இது மாவுச்சத்துள்ள அரிசி. மேலே சர்க்கரை வேறு. என் வீட்டுக்காரருக்குச் சுகர் இருக்கிறது. அட்டையை நம்பி அவருக்குக் கிண்ணம் நிறைய வைக்க முடியுமா? ஒரு கரண்டிதான் வைத்தேன்.

"அந்த வரியை எடுத்துடுங்க தம்பி" என்று கடையில் சொன்னேன். "எல்லாரும் போடுறாங்க ஆச்சி" என்றார்.

பாக்கெட்டில் பொதி செய்த தேதியும் இல்லை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாளானால் காறிவிடும். வாங்குபவர்கள் முகர்ந்து பார்த்து, அரைக் கிலோவாக வாங்குங்கள்.